தமிழோசைக்கு மிதித்த கால்கள்

2022 மார்ச்சு மாத முடிவில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றபோது, பெற்றோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் ஊருக்கு ஊர் வரிசை நீண்டபோது, யாழ்ப்பாணத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அவ்வளவாகப் பதறவில்லை என்பதை அங்கே இருந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். கோடிப்புறத்தில் துருவேறிக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. அரிக்கன் லாம்பின் சிமினியைச் சாம்பல் போட்டுத் துடைத்தார்கள். மோட்டர் பூட்டிய கிணறுகளுக்கு மறுபடியும் கப்பியும் கயிறும் வந்தன. யூலையில் கியூஆர் குறி இல்லாமல் எரிபொருள் இல்லை என்று அறிவித்தபோது என் பெரியம்மா போனை வாங்கி அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பழைய கூப்பனைத்தான் இதுக்குள்ள போட்டிருக்கிறாங்கள், வேற ஒண்டுமில்லை" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

பெரியம்மாவும் நானும் எங்கள் ஊரும் அந்த வாழ்க்கைக்குள் நுழைந்தது 1990 யூன் மாதத்தில். அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கிய கையோடு மின்சாரம் போனது, தொலைபேசி செத்தது, ஆனையிறவுப் பாதை மூடியது, யாழ்தேவி நின்றது. நாலைந்து கிழமையில் எல்லாம் சரிவரும் என்று சொல்லிக்கொண்டு ஐயா பிரிஜ்ஜைத் துடைத்துக் கதவைச் சாத்திவைத்தார். பிறகு அதற்குள் அம்மா அரிசி வைத்தார், அதன் பிறகு என் கொப்பிகள் போயின. மின்சாரம் திரும்பத் தலைகாட்டுவதற்குள் நான் பள்ளிக்கூடம் முடித்து, மீசை அரும்பிக் கறுத்து, வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டேன். யாழ்தேவி யாழ்ப்பாண ஸ்ரேசனுக்குத் திரும்பி வந்தது 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி. இடைப்பட்ட காலத்தில் தண்டவாள இரும்பும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போய்விட்டன. கூவென்ற அந்தச் சத்தத்தையே கேளாமல் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து கலியாணமும் கட்டிவிட்டது.

கொழும்பு அரசாங்கம் வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடையில், வரக்கூடாத பொருட்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, யூரியா. பட்டியலில் இல்லாத பொருட்களும் வழியில் தங்கித் தங்கி, சோதனை கடந்து, வந்து சேரும்போது கொழும்பு விலையின் பல மடங்காகியிருந்தன. மண்ணெண்ணெய் சங்கக்கடையில் கூப்பனுக்கு அளந்து ஊற்றப்பட்டது. அந்த அளவுதான் எங்கள் இரவின் நீளத்தைத் தீர்மானித்தது.

சிக்கன விளக்கு உங்களுக்கும் ஞாபகமிருக்கும். வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப்பின் பழைய வால்வுக்குள் கோத்த நூல்திரி, அதைத் தாங்க ஒரு கம்பி. சுடர் போத்தலின் வாய்க்குக் கீழே நிற்பதால் காற்று அதை இலகுவில் அணைக்காது. ஒரு கரண்டி எண்ணெயில் ஒரு பாடம் முழுவதையும் படித்து முடிக்கலாம். நாலு பேர் படிக்கும் வீட்டில் ஒரே விளக்கைச் சுற்றி நாலு தலைகள், நாலு பாடங்கள், அண்ணாவின் இரசாயனத்துக்கும் தங்கையின் ஆத்திசூடிக்கும் ஒரே வெளிச்சம். காலையில் மூக்கைத் துடைத்தால் கறுப்பாக வரும். இப்போது என் மகளுக்குத் தனி அறை, தனி மேசை, கழுத்தை வளைத்து வளைத்து வெளிச்சம் தரும் மேசை விளக்கு எல்லாம் இருக்கின்றன. இருக்கத்தான் வேண்டும், பிள்ளைக்குக் கண் நோகக்கூடாது. ஆனாலும் பக்கத்தில் இருப்பவன் எந்தப் பக்கம் படிக்கிறான், எங்கே தடக்குகிறான், எப்போது தூங்கி விழுகிறான் என்று தெரிந்துகொண்டே படித்த அந்த நெருக்கத்தை எந்தக் கடையில் வாங்கிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களின் பெரிய கொண்டாட்டம் இரவு ஒன்பதேகாலுக்கு வரும் பிபிசி தமிழோசை. பற்றரி இல்லாத ஊரில் றேடியோ எப்படிப் பாடும்? பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்தோம், ஆணியால் துளைபோட்டு உப்புத்தண்ணீர் விட்டோம், செத்ததோடு செத்ததைக் கோத்து நீள வரிசையாகக் கட்டிப் பார்த்தோம். கடைசியில் எங்கள் ஒழுங்கை முழுவதும் தஞ்சம் புகுந்தது சைக்கிள் டைனமோவிடம். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை றேடியோவுக்கு இழுத்து, ஒருவர் ஏறி மிதிக்க வேண்டும். மிதி சீராக இருந்தால் லண்டன் தெளிவாகக் கேட்கும், கால் தளர்ந்தால் குரல் தேய்ந்து போகும். "தம்பி, மிதியடா, என்ன சொல்லுறாங்கள் எண்டு விளங்கேல்லை" என்று திண்ணையில் இருந்து பெரியம்மா சத்தம் போடுவார். ஒழுங்கையில் இருந்த எல்லா வீட்டாரும் எங்கள் முற்றத்தில்தான் இருப்பார்கள். மிதிக்கும் பொறுப்பை நான் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. நாட்டு நிலைமையில் எனக்கு அவ்வளவு அக்கறை என்று ஐயா பெருமைப்பட்டார். அக்கறை இருந்தது உண்மைதான். சைக்கிள் நின்ற இடத்துக்கு நேரெதிரே, மாமரத்தடியில், பின்வீட்டு அக்காவும் அவவின் தங்கையும் வந்து உட்காருவார்கள் என்பதும் உண்மைதான். வியர்த்து ஒழுக ஒழுக மிதித்த அந்தப் பதினெட்டு வயதுப் பையனை இப்போது நினைத்தால் எனக்கு அவன்மேல் வாஞ்சை பெருகுகிறது. செய்தி முடிந்ததும் யார் எழும்புவார்கள்? நிலவு நாளானால் சொல்லவே வேண்டாம். தெருவிளக்கு இல்லாத ஊரில் நிலவு அவ்வளவு பெரிதாக இருக்கும். சொன்ன செய்தி சரியா பிழையா, மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலி என்ன சொன்னது, புலிகளின் குரல் என்ன சொன்னது என்று தொடங்கி, பேச்சு அப்பப்பாவின் மலாயா உத்தியோகம் வரைக்கும் போய்த்தான் ஓயும்.

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது. 1941இல் தொடங்கிய குரல். இப்போது செய்தி எந்த நேரமும் என் சட்டைப்பைக்குள் அதிர்கிறது, மிதிக்கத் தேவையில்லை, ஒன்பதேகால் என்று காத்திருக்கவும் தேவையில்லை. ஆனால் அன்று ஒரு செய்தியை நாற்பது பேர் சேர்ந்து கேட்டோம். இன்று நாற்பது செய்திகளை நான் தனியே கேட்கிறேன்.

மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்த நாலு துளியைச் சின்ன மருந்துப் போத்தலில் பக்குவமாகச் சட்டைப்பையில் கொண்டு திரிந்தார்கள். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற கிழட்டுக் கார்கள் இந்தத் தீனியைப் புதிய கார்களைவிட நல்லாய்ச் செரித்துக்கொண்டன. பிரசவத்துக்கும் கலியாணத்துக்கும் அவற்றைத்தான் கூப்பிட்டார்கள். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு அது ஒழுங்கைக்குள் வரும்போது மாப்பிள்ளை வருகிறார் என்று மணத்திலேயே தெரிந்துவிடும். அந்த மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, கடலுக்குப் போகிறவர்களின் வயிற்றில் அடித்துவிட்டார்களே என்று ஊரே வருந்தியது. எங்கள் வயதுக்காரர் மண்ணெண்ணெயைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு மரியாதை வரும்.

சவர்க்காரம் கிடைக்காத மாதங்களில் அம்மா பனம்பழத்தைப் பிசைந்து உடுப்பு ஊறவைத்துத் தோய்த்தார். பள்ளிக்கூடச் சட்டைக்கு ஒரு மெல்லிய மஞ்சளும், வெயிலில் காய்ந்த பிறகும் போகாத ஓர் இனிப்பு மணமும் வந்துவிடும்; வகுப்பு முழுவதும் அதே மஞ்சள், அதே மணம் என்பதால் யாரும் யாரையும் பார்த்து நாணவில்லை. சீனி இல்லாத தேத்தண்ணிக்கு உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி. கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும், கடைசி மிடறு வரைக்கும் கட்டியைக் காப்பாற்றுவது ஒரு தனி வித்தை. அரிசி குறைந்த நாளில் மரவள்ளிக் கிழங்கு, மழை நாளில் ஒடியல் கூழ், பள்ளிக்கூடப் பைக்குள் புழுக்கொடியல். அதே பனங்கட்டிக் குட்டான் இன்று யாழ்ப்பாணத்துச் சுப்பர்மார்க்கெட்டில் குளிரூட்டிய காற்றில் கண்ணாடித் தாள் சுற்றி அழகாக அடுக்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் உடம்புக்கு நல்லது என்று பை பையாக வாங்குகிறார்கள். அதைப் பார்க்கும்போது சந்தோசமாகத்தான் இருக்கிறது. பனை ஏறியவனுக்கும் காய்ச்சியவளுக்கும் நாலு காசு சேரட்டும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போகும்போது ஒரு பயம் எனக்கு வருகிறது. சிக்கன விளக்கையும் டைனமோவையும் சொல்லிச் சொல்லி, அது ஏதோ எல்லாரும் கூடி மகிழ்ந்த காலம் என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது. எங்கள் கெட்டித்தனம் எங்கள்மேல் சுமத்தப்பட்டது. சுமத்தியவர்களும் ஒரு பக்கத்தவர் மட்டுமல்ல.

1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். கையில் சிறு தொகையும் சில உடுப்புகளும் மட்டும் கொண்டுபோக விட்டார்கள். ஐந்துசந்திப் பக்கம் எனக்குக் காற்சட்டை தைத்துத் தந்த தையற்காரர், பழைய இரும்புக்குக் காசு தந்தவர், நோன்புக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் அனுப்பிய வீட்டார், எல்லாரும் ஒரே நாளில் இல்லாமற் போனார்கள். பலர் புத்தளத்து முகாம்களில் ஓலைக் குடிசைகளுக்குள் பிள்ளை வளர்த்தார்கள். அடுத்த நாளும் நாங்கள் ஒன்பதேகாலுக்கு றேடியோவைச் சுற்றி இருந்தோம். திண்ணையில் அன்று பேச்சு நீளவில்லை. போர்க்காலத்து ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிற யாரும் அந்த வெற்றுத் தெருவையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பதுங்குகுழி எல்லா வளவிலும் இருந்தது. எங்களுடையது ஆங்கில எல் வடிவம், பனங்குற்றி அடுக்கி, மேலே உரப்பையில் மண்மூட்டை. அதற்காகத் தறித்த பனைகள் பாட்டன் நட்டவை என்று ஐயா ஒருமுறை சொன்னார், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மாரியில் அதற்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும், தவளையும் சில வேளை பாம்பும் எங்களுக்கு முன்பே உள்ளே போயிருக்கும். விமானங்களை எங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளைகள் கண்ணால் பார்க்கத் தேவையில்லை. ஹெலி என்றால் வேறு சத்தம், குத்தி இறங்கும் பொம்மர் என்றால் வேறு, சத்தம் வந்து சேரும் முன்பே போய்விடும் சுப்பர்சொனிக் வேறு, மெதுவாக உறுமி உறுமி வந்து பீப்பாய்க் குண்டை உருட்டிவிடும் சகடை வேறு. மூன்று வயதுக்குழந்தை காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஹெலி தான், சாப்பிடலாம்" என்று சொல்லிச் சோற்றுக்குத் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது நாங்கள் சிரித்தோம். அந்தக் குழந்தைக்கு இப்போது ஒரு குழந்தை இருக்கிறது, அது காகத்தையும் கிளியையும் சத்தத்தால் பிரித்தறிகிறது.

அந்த அறிவெல்லாம் காப்பாற்றாத நாட்களும் இருந்தன. 1995 யூலை 9ஆம் திகதி, படை நடவடிக்கைக்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் தங்கியிருந்த நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கோயில் பாதுகாப்பு என்று அங்கே ஒதுங்கியவர்கள் அவர்கள்.

வெளியே போவதற்குக் கிளாலிக் கடல்தான் வழி. போவதற்கு முதல் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும், பாஸுக்குப் பிணை நிற்க ஓர் ஆள் வேண்டும். பிறகு இருட்டில், விளக்கில்லாமல், ஒரு இயந்திரப் படகின் பின்னால் கயிற்றில் கோத்த படகுகளில், சைக்கிளும் மூட்டையும் மடியில் குழந்தையுமாக, கடற்படை வந்துவிடக்கூடாது என்று வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டு. 1993 சனவரியில் அப்படிப் போனவர்களைக் கடற்படை சுட்டுக் கொன்றது. அடுத்த கிழமையும் ஆட்கள் போனார்கள், ஏனென்றால் கொழும்பில் விசா நேர்முகம் இருந்தது, வவுனியாவில் பெண்சாதி இருந்தாள், ஆசுப்பத்திரியில் கிடைக்காத மருந்து அக்கரையில் இருந்தது.

1995 ஒக்ரோபர் 30. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் முஸ்லிம்களை வெளியேற்றிய அதே திகதியில், படை யாழ்ப்பாணத்தை நெருங்கியபோது, எங்களை வெளியேறச் சொல்லிப் புலிகளின் ஒலிபெருக்கி தெருத்தெருவாக வந்தது. வலிகாமத்தின் லட்சக்கணக்கான சனம் ஓரிரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. நகர்ந்தது என்பது பெரிய சொல். நின்றது, ஓர் அடி வைத்தது, மறுபடி நின்றது. மழை பெய்தது. தாகத்துக்குக் குடையை மல்லாத்திப் பிடித்து மழைநீரைக் குடித்தார்கள். சைக்கிளை யாரும் ஓட்டவில்லை, உருட்டினார்கள். என் சைக்கிளில் கரியரில் அப்பாச்சி, பாரில் அரிசி மூட்டை, ஹாண்டிலில் றேடியோ. டைனமோ வயரை நான் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன், நாங்கள் போக இருந்த கொடிகாமத்தில் தேவைப்படும் என்று. அப்பாச்சி கொடிகாமத்தில் தறப்பாளின் கீழ் மார்கழி மாதத்தில் காய்ச்சலில் செத்துப்போனார். 1996 சித்திரையில் நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டின் நிலைகள் இருந்தன, கதவுகள் இல்லை.

இதையெல்லாம் தாண்டி 2002 ஏப்ரலில் தெற்குக்குப் போகும் ஏ9 பாதை திறந்தது. பொருட்கள் எங்கிருந்துதான் வந்து குவிந்தனவோ! சிவப்பு மோட்டார் சைக்கிள்கள், பிளாஸ்ரிக் கதிரைகள், முகத்துக்குப் பூசும் களிம்புகள், பைக்கற்றில் கட்டின இடியப்ப மா. பற்றரியைக் கண்ட முதல் கிழமையில் தேவையில்லாமலே நாலு சோடி வாங்கி வைத்த வீடுகளை எனக்குத் தெரியும், எங்கள் வீடும் அதில் ஒன்று. 2006 ஆகஸ்ட்டில் பாதை மறுபடி மூடியபோது அந்தப் பற்றரிகள் உதவின. 2009இல் வன்னியில் போர் முடிந்த முடிவைப் பற்றி எழுத எனக்கு உரிமை குறைவு. அங்கே இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், எழுதுவார்கள்.

இன்று எங்கள் ஒழுங்கைக்குத் தார் போட்டாயிற்று. கிடுகுவேலிகள் போய்ச் சீமெந்து மதில்கள் எழும்பியிருக்கின்றன. அன்று கடத்த முடியாத சீமெந்து இன்று வீட்டுக்கு வீடு ஆளுயரம் நிற்கிறது. வேலியில் ஒரு பொட்டு இருந்தது, அதற்குள்ளால் குனிந்து போனால் பின்வீட்டு முற்றம். உப்பும் நெருப்பும் செய்தியும் அதற்குள்ளால் போய் வந்தன. மதிலில் பொட்டு வைக்க முடியாது. மதிலுக்கு அப்பால் இரண்டு மாடியில் அழகான வீடு, மாபிள் பதித்த தரை, எல்லா அறையிலும் மின்விசிறி. அதைக் கட்டியவர் ரொறன்ரோவில் இருக்கிறார், வீட்டைக் கமராவில் பார்க்கிறார். ஒருநாள் எனக்குப் போன் எடுத்து, "அண்ணை, எங்கட கேற்றடியில ஒரு மாடு நிக்குது, ஒருக்காக் கலைச்சு விடுங்கோ" என்றார். எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அவர் கண்ட மாட்டை நான் பக்கத்து வீட்டிலிருந்து காணவில்லை. போய்க் கலைத்துவிட்டு, மதிலோரம் நின்று அவரோடு அரைமணி நேரம் பேசினேன். அவரும் எங்கள் முற்றத்தில் றேடியோ கேட்டவர்தான்.

அந்த முற்றத்தில் இருந்தவர்களில் இப்போது ஊரில் நாங்கள் மூன்று வீட்டார். மற்றவர்கள் ஸ்காபரோ, ஹரோ, பாரிஸ், சூரிச் என்று சிதறி, வாட்ஸ்அப் குழுவொன்றில் கூடியிருக்கிறார்கள். ஒருவருக்கு விடியும்போது மற்றவருக்கு இருட்டும், அதனால் எல்லாரும் சேர்ந்தாற்போல் விழித்திருப்பது அருமை. போன மாதம் அங்கே ஒரு வாக்குவாதம் மூண்டது: சகடை என்று நாங்கள் சொன்னது அவ்ரோவையா, சீனாவின் வை-12ஐயா என்று. சூரிச்சிலிருந்து மச்சான் ஒரு படம் போட்டார், அது இல்லை என்று ஹரோவிலிருந்து மாமா மறுத்தார். அப்போது, குழுவில் ஒரு சொல்லும் பேசாமல் இருந்த, ஸ்காபரோவில் பிறந்த மருமகள், "மாமா, சகடை என்றால் என்ன?" என்று கேட்டாள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கினார்கள். பெரியம்மாவுக்கு எழுத வராது, குரற்பதிவு அனுப்பினார், சகடை எப்படி உறுமும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு செய்து காட்டியபடி.